சீலிங் பழுது: பட்டி கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

(பொருளறிவுப் பாடம் – ஹார்டுவேர், பெயிண்ட், கட்டுமானப் பொருள் வணிகர்களுக்கு)

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் மார்கழியில்தான் வருகிறது. ஆகவே, பெயிண்ட் கடைகளில் கூட்டம் நிறைந்திருக்கும் நாட்களும், வீடுகளின் மேல்தளம் ஈரம் குடித்து நிற்கும் நாட்களும் ஒன்றாகவே அமைந்து விடுகின்றன. சீலிங் சம்பந்தமாக நமக்கு வரும் புகார்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

"சீலிங்கில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, 5 கிலோ பட்டி கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக் கொள்கிறோம். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு அதே இடம் பொரிந்து விழுகிறது. அவர் பெயிண்டரையும் திட்டுவார், பட்டியையும் திட்டுவார். கடைசியில் "அந்தக் கடைச் சரக்கே சரியில்லை" என்று நான்கு பேரிடம் சொல்லுவார். சரக்கில் குற்றமே இருந்திருக்காது. நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சில பழுதுகளைப் பட்டி வைத்து மூடுவது ஆபத்து. ஒரு சதுர அடி அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள காங்கிரீட் பாளம் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை இருக்கும். பத்தடி உயரத்திலிருந்து அது தொட்டிலின் மீதோ கல்லாவின் மீதோ விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே இந்தப் பொருளை விற்கிறவர்கள் இதன் தன்மையை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

சீலிங் எத்தனை வகை?

நம் வாடிக்கையாளர்களின் வீடுகளிலும் கடைகளிலும் பொதுவாக மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, காங்கிரீட் தளத்தின் அடியில் சிமெண்ட் கலவை பூசியது. சீலிங் பூச்சுக்கு 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல் என்பது நீண்ட நாள் வழக்கம். கனம் 6 முதல் 10 மி.மீ. இதன் மேல் வழவழப்பாகப் பட்டி பார்த்திருக்கலாம், அல்லது ஸ்பாஞ்சு தட்டிச் சொரசொரப்பாக விட்டிருக்கலாம்.

இரண்டாவது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனும் பி.ஓ.பி. வேலை அல்லது ஜிப்சம் பலகையில் தொங்கவிட்ட பால்ஸ் சீலிங். பூ வேலை, வளையம், கோடு, புள்ளி முதலிய டெக்ஸ்சர் வேலைகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன.

மூன்றாவது, பழைய சுண்ணாம்புத் தளம். தேக்கு உத்திரத்தின் மேல் கட்டை பாவி, செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வகை. பழைய கடைவீதிக் கட்டடங்களில் இன்றும் இருக்கிறது. நம்மவர்களின் கிடங்குகளே பல இந்த வகைதான்.

வகை தெரியாமல் மருந்து சொல்லக் கூடாது.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது? மொட்டைமாடியா, குளியலறையா, தண்ணீர்த் தொட்டியா, அல்லது இன்னொரு அறையா?

2. ஈரம் மழைக்கு மட்டும் வருகிறதா, கோடையிலும் இருக்கிறதா? மழைக்கு மட்டும் என்றால் மாடித் தட்டோடுகளின் இடைவெளி, கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்நாளும் என்றால் குழாய், குளியலறைத் தளம், தொட்டி ஆகியவற்றில் கசிவு இருக்கக் கூடும்.

3. கம்பி மூடிப் பிடியால் மெல்லத் தட்டினால் என்ன ஓசை கேட்கிறது? கணீரென்று கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது. பொத்பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது.

4. செம்பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை தெரிகிறதா? கம்பி ஓடும் வரிசையிலேயே வெடிப்பு இருக்கிறதா? அப்படியானால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று பொருள்.

5. கட்டடத்துக்கு வயது என்ன? கடற்கரை ஊரா?

இந்த ஐந்தையும் கேட்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருப்பதால், சீலிங்கைப் படம் எடுத்து வரச் சொல்லியும் பார்க்கலாம்.

பழுதுக்கு ஏற்ற பொருள்

*அ) மயிரிழை வெடிப்பு மட்டும்*

ஈரமில்லை, தட்டினால் கணீர் ஓசை, பூச்சின் மேல் மட்டும் மெல்லிய வெடிப்பு. இதற்குத்தான் பட்டி ஏற்றது. வெடிப்பைப் பட்டித் தகட்டின் முனையால் சற்றே அகலப்படுத்தி, தூசியைத் துடைத்துவிட்டு நிரப்ப வேண்டும். சிமெண்ட் பட்டி என்றால் சுவரை முதலில் நனைத்துக் கொள்ள வேண்டும். அக்ரிலிக் பட்டி என்றால் காய்ந்த பரப்பில் பிரைமர் அடித்த பிறகு வைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விற்பதால்தான் பாதிப் பட்டி நிற்பதில்லை என்ற பெயர் வருகிறது.

பட்டி என்பது மெழுகும் பொருள். பள்ளம் நிரப்பும் பொருள் அன்று. வெள்ளைச் சிமெண்ட் பட்டியை இரண்டு கோட்டும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. கனத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அரை அங்குலப் பள்ளத்தைப் பட்டியால் அடைக்கப் போவதாக யாராவது சொன்னால், அவருக்கு வேண்டியது கலவைப் பூச்சு என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

*ஆ) ஈரக்கறை, உப்புப் பூத்தல்*

கீழே எதைப் பூசினாலும் பயனில்லை. வழியை மேலே அடைக்க வேண்டும். அடியில் வாட்டர்புரூப் பெயிண்ட் அடித்தால் நீர் வேறிடம் தேடிப் போகும், அல்லது பெயிண்டையே கொப்புளமாகத் தள்ளிவிடும். மேலும், ஈரம் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியை அரிக்கும்.

ஈரம் காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடி சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பு போட்டுச் சீலிங்கில் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். பிறகு பார்த்தால் தாளின் உட்புறம், அதாவது சீலிங்கைத் தொடும் பக்கம், நீர்த்துளி இருந்தாலோ அந்த இடம் கருத்திருந்தாலோ தளம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அதுவரை பட்டியும் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறவரிடம் இப்படிச் சொல்லலாம்: "இப்போது சுவர்களை முடித்துக் கொள்ளுங்கள். கறை உள்ள சீலிங்கை மட்டும் விட்டு வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மாடியைச் சரி செய்து, தளம் காய்ந்த பிறகு சீலிங்கைப் பார்க்கலாம்." ஒரு வியாபாரம் மூன்று மாதம் தள்ளிப் போகிறது; ஆனால் கைவிட்டுப் போகவில்லை. மாடிப் பூச்சுப் பொருளும் நம் கடையிலேயே வாங்கப்படும்.

பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுப்பதே சரி.

மாடியில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாதபோது குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலம் நீர் தேக்கி ஒருநாள், இரண்டுநாள் பார்ப்பது உண்டு. அந்த நீர் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ சுமை என்பதை மறக்கக் கூடாது. கம்பி தெரியும் பலவீனமான தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

*இ) பூச்சு மட்டும் விட்டு விழுதல்*

காங்கிரீட் நன்றாக இருந்து, பூச்சு மட்டும் பாளமாகப் பெயர்கிறது. தளத்தின் அடிப்புறம் வழவழப்பாக இருந்து, கொத்தாமல் பூசியதே பெரும்பாலும் காரணம். பொத்தென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் தட்டி எடுத்துவிட வேண்டும். விழுந்த இடத்தை மட்டும் அடைத்தால் பக்கத்துப் பகுதி அடுத்த ஆண்டு விழும். பழுதான பகுதியைக் கோணல்மாணலாக விடாமல் நேர் விளிம்பாகச் சதுரித்து வெட்ட வேண்டும். காங்கிரீட்டை நெருக்கமாகக் கொத்தி, தூசி போகக் கழுவி, ஒட்டுப்பால் கலந்த சிமெண்ட் குழம்பை அடித்து, அது காய்வதற்குள் 1:3 கலவையைப் பூச வேண்டும்.

பூச்சு வேலைக்கென்று சலித்து வரும் பி-சாண்ட் இதற்கு ஏற்றது. காங்கிரீட்டுக்கான எம்-சாண்டைக் கொடுத்துவிட்டால் பரல் பெரிதாக இருப்பதால் தலைக்கு மேல் நிற்காது. பூசிய இடத்தில் சாக்குப் போட்டு நனைக்க முடியாதாகையால், ஏழு நாள் காலை மாலை தெளிப்பானால் நீர் அடிக்க வேண்டும். ஒரு கைத்தெளிப்பானையும் சேர்த்து விற்கலாம், வேலையும் கெடாது.

*ஈ) கம்பி துருப்பிடித்து காங்கிரீட் விழுதல்*

இங்கேதான் வணிகர் கையை மடக்க வேண்டும். நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது; அதனுள் கம்பி துருப்பிடிப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்கிறது. கம்பிக்குக் கீழே காங்கிரீட் மூடல் குறைவாக இருந்தால் இது விரைவில் நடக்கும். துருவானது இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் வெடித்துப் பாளமாக விழுகிறது. வெளியே பார்க்கும் வெடிப்பு நோயின் முடிவு, தொடக்கம் அன்று.

இதற்கு மேல் பட்டியோ கலவையோ அப்பினால் துரு உள்ளே தொடர்ந்து வளரும். அடுத்த முறை இன்னும் பெரிய பாளம் விழும். முறையான வேலை இது: முட்டுக் கொடுப்பது, விட்ட காங்கிரீட்டை எடுத்து, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவு வெட்டுவது, கம்பி பளிச்சென்று தெரியும் வரை துருவைத் தேய்த்து எடுப்பது, துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது, பாலிமர் கலந்த கலவையைப் படிப்படியாக ஏற்றுவது, பிறகு நீர் விட்டு ஆற்றுவது. கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய முடியும்.

கம்பி தெரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னவுடன் நாம் சொல்ல வேண்டியது இரண்டே: அந்த இடத்துக்குக் கீழே கட்டில், தொட்டில், மேசை எதுவும் வேண்டாம், முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் எழுதிக் கொடுத்த பிறகு பொருளைக் கொடுக்கலாம்.

*உ) பி.ஓ.பி. மற்றும் ஜிப்சம் சீலிங்*

ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும், அதுவே பி.ஓ.பி. தண்ணீர் கலந்ததும் இழந்த நீரைத் திரும்பப் பெற்று மறுபடி ஜிப்சமாக இறுகுகிறது. இறுகிய பிறகும் ஜிப்சம் நீரில் சிறிது கரையும், நனைந்தால் வலுவிழக்கும். அதனால் ஒழுகும் தளத்தின் கீழும் குளியலறையிலும் பி.ஓ.பி. நிற்பதில்லை.

இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அது பிடிக்காது. சில நிமிடத்தில் பூசி முடிக்கும் அளவே கலக்க வேண்டும். "சீக்கிரம் பிடிக்கட்டும்" என்று பி.ஓ.பி.யுடன் சிமெண்ட் கலக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈரம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து உப்பி வெடிக்கும். கலக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். ஜிப்சம் வேலைக்குச் சாதா ஆணி, சாதாக் கம்பி துருப்பிடித்துக் கறை காட்டும். நாகம் பூசியதையே கொடுக்க வேண்டும். பலகை இணைப்பில் வெடித்திருந்தால் பட்டி மட்டும் போதாது. வலை டேப்பு ஒட்டி அதன்மேல் இணைப்புக் கலவை வைக்க வேண்டும். நனைந்து தொய்ந்த பலகையைத் தூக்கி ஒட்ட முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது.

*ஊ) பழைய சுண்ணாம்புத் தளம்*

இதில் சிமெண்ட் பூசுவது பெரும் தவறு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். கெட்டியான சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. தேக்கு உத்திரம் நனைந்து இற்றுவிடும். சுண்ணாம்பில் பட்ட பழுதைச் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். ஆகவே மெல்லிய கோட்டாகப் பொறுமையுடன் ஏற்ற வேண்டும். உத்திரத்தின் சுவருக்குள் புகும் முனையில் கரையானோ இற்றலோ உண்டா என்று பார்த்த பிறகே பூச்சு.

டெக்ஸ்சரை ஒத்துப் போகச் செய்தல்

பழுதைச் சரி செய்தும், "ஒட்டுப் போட்டது தெரிகிறதே" என்ற குறை வருவது டெக்ஸ்சர் சீலிங்கில்தான். இதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு.

• முதலில் பழைய டெக்ஸ்சர் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பாஞ்சா, ரோலரா, சீப்புத் தகடா, தூரிகைக் குத்தலா? பக்கவாட்டிலிருந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

• அட்டையிலோ பிளைவுட் துண்டிலோ முதலில் செய்து பார்த்து, காய்ந்த பிறகு சீலிங்கின் அருகில் பிடித்து ஒப்பிட வேண்டும். ஈரத்தில் பார்த்தால் ஏமாந்து போவோம்.

• ஒட்டுப் பகுதியின் ஓரத்தைச் சுவர் போல நிறுத்தாமல், அரையடி அளவுக்கு மெலிதாக இழுத்துவிட வேண்டும்.

• ஸ்பாஞ்சுப் பூச்சு என்றால் பழைய மணலின் பரல் அளவைப் பார்த்து அதே அளவில் சலித்த மணலைச் சேர்க்க வேண்டும்.

• புதுப் பூச்சு பெயிண்டை அதிகம் உறிஞ்சும். ஒட்டுப் பகுதிக்குப் பிரைமர் அடித்து, பிறகு சீலிங் முழுவதற்கும் ஒரே சமயத்தில் கடைசிக் கோட்டு அடித்தால்தான் நிறம் ஒன்றாகும்.

வேலையில் பாதுகாப்பு

மின்விசிறிக் கொக்கி, விளக்குப் பெட்டி வழியாக நீர் சொட்டினால் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது. தலைக்கு மேல் உப்புத்தாள் தேய்க்கும்போது தூசி நேரே கண்ணுக்கும் மூக்குக்கும் வரும். கண்ணாடியும் முகமூடியும் அவசியம். கிடங்கில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் உலர்வாக அறுப்பதும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு.

கடை நடைமுறை

சிமெண்ட், பட்டி, பி.ஓ.பி. மூன்றும் ஈரத்துக்குப் பகை. மரப்பலகையின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பையின் தேதியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பழைய சரக்கைத் தள்ளிவிடச் சீலிங் வேலை ஏற்ற இடமன்று.

வாய்வழி உத்தரவாதம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகவே வெளிப்படையாகக் கொடுத்து, பொருள் அதன்படி அமையாமல் கேடு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பேற்க வேண்டும். "பத்து வருடம் அசையாது, நான் கேரண்டி" என்று கல்லாவில் இருந்து சொல்லும் ஒரு சொல் நமக்கே வழக்காக வரலாம். பையில் அச்சிட்டதை மட்டும் சொல்லுவோம்.

கடை ஊழியர்களுக்குப் பயிற்சி

கேள்வி 1: மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே கறை, கோடையிலும் இருக்கிறது. என்ன கொடுப்பது? – இப்போதைக்கு எதுவும் இல்லை. மேலே குழாயையும் தளத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி 2: மெல்லிய வெடிப்பு, ஈரமில்லை, கணீர் ஓசை. – பட்டி, உப்புத்தாள், பட்டித் தகடு. பட்டியின் வகைக்கேற்பப் பிரைமர்.

கேள்வி 3: செம்பழுப்புக் கோடு, கம்பி தெரிகிறது, "பட்டி போதும்" என்கிறார். – பட்டி கொடுக்கக் கூடாது. கீழே யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லி, பொறியாளரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி 4: மார்கழியில் மாடி ஒழுகி நனைந்த சீலிங், பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார். – சுவர்களுக்குப் பெயிண்ட். சீலிங்குக்குப் பாலிதீன் சோதனை. கோடையில் மாடி வேலை.

இந்த நான்கையும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். கேட்டதைக் கொடுப்பவர் எந்த ஊரிலும் உண்டு. காரணத்தைக் கேட்டு, வேண்டியதைக் கொடுத்து, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுகிற கடைக்குத்தான் அடுத்த தலைமுறையும் தேடி வரும்.